புக்கெட் போகிற கப்பல்

அத்தியாயம் ஒன்பது

சாப்பாட்டு மேசையில் இரண்டு விளம்பரப் புத்தகங்கள் ஒரு வாரமாகக் கிடந்தன. இரண்டின் அட்டையிலும் வெள்ளைக் கப்பல், நீலக் கடல், நீச்சல் குளத்தோரம் பல் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். ஒரு கப்பல் போர்ட் கிள்ளானில் புறப்பட்டு பினாங்கு, லங்காவி என்று சுற்றிவிட்டு மூன்றாம் நாள் திரும்பும். மற்றது நாலு நாள். தாய்லாந்தில் புக்கெட் வரை போய் வரும்.

முதல் கப்பலுக்கு ஐ.சி. என்கிற அடையாள அட்டை இருந்தால் போதும். இரண்டாவது கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

அந்த ஒரு வித்தியாசத்தில்தான் ரமணியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், அவள் நர்ஸாக வேலை பார்க்கும் கிள்ளான் தனியார் ஆஸ்பத்திரிக்கு டிங்கிக் காய்ச்சலோடு ஒரு நாலு வயசுப் பெண் குழந்தை வந்து சேர்ந்தது. ஊர் மேரு. பதிவுத் தாளில் 'தகப்பன் பெயர்' என்ற இடத்தில் அவள் கணவன் ரெங்கசாமியின் பெயர். கீழே, பதினெட்டு வருஷமாக அவளுக்குப் பழக்கமான கையெழுத்து. மூன்று நாள் அந்தக் குழந்தைக்கு டிரிப் மாற்றியதும், காய்ச்சல் பார்த்ததும், ராணி மாதிரி அது கேட்ட மைலோவைக் கலக்கிக் கொடுத்ததும் ரமணிதான். நாலாம் நாள் குழந்தை கையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அவள் தன் வீட்டில் வாயைத் திறந்தாள்.

ரெங்கசாமி மறுக்கவில்லை. "ஆமா," என்றான். அந்த 'ஆமா' அவர்கள் குடியிருக்கும் பண்டமாரானில் பாதிப் பேருக்கு ஐந்து வருஷமாகத் தெரியும் என்பதும், கடைசியாகத் தெரிந்துகொண்டது தான்தான் என்பதும் அவளுக்குப் பிறகு புரிந்தது.

"பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்று அன்றைக்குக் கத்தினாள்.

"போறதுன்னா நீ போ. பிள்ளைங்க போகாது," என்றான் அவன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

ரமணி கோபத்தில் சொன்னதை அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் அக்கா சீதாலெட்சுமி ஓடியாடி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஏற்பாடு செய்தாள். ஜனவரி இரண்டாம் தேதி சேர வேண்டும். கடிதம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில்தான் முட்டிக்கொண்டது. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், அக்கா என்று முறை வைத்து, இதமாகத்தான் சொன்னாள்: "அப்பா கையெழுத்து வேணும், காக். அம்மா போட்டா செல்லாது."

பத்து மாதம் சுமந்தவள் கையெழுத்து செல்லாது. சட்டம் அப்படி.

இந்த நிலையில்தான் தீபாவளியன்று, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் ரெங்கசாமி எழுந்து நின்று, "இந்த வருஷக் கடைசியில என் குடும்பத்தக் கப்பல்ல கூட்டிட்டுப் போகப் போறேன்," என்றான். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் வேலை. கப்பல் கப்பலாகப் பெட்டிகளை ஏற்றி இறக்கியவன், ஒன்றிலும் பயணியாகக் கால் வைத்ததில்லை. சொல்லும்போது அவன் கண்கள் கலங்கியிருந்தன. மனசாட்சியா, பீரா என்று ரமணிக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன, தெய்வமே பார்த்துக் கதவைத் திறந்திருக்கிறது என்று நினைத்தாள். புக்கெட் கப்பல் என்று முடிவானால், பாஸ்போர்ட் பாரத்தில் அவனே கையெழுத்துப் போடுவான்.

ஆனால் அவன் லங்காவி, லங்காவி என்றே நின்றான்.

அன்று சனிக்கிழமை. பள்ளி விடுமுறை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் தம்புசாமி நடத்தும் டிராவல்ஸ் மத்தியானம் ஒரு மணி வரைக்கும்தான். "இன்னைக்குச் சொல்லலன்னா டிசம்பர்ல எடம் இல்ல," என்று அவர் முந்தின நாளே போன் செய்துவிட்டார்.

"புக்கெட் கப்பல்ல வீடியோ கேம் மட்டும் இருபத்தாறு இருக்குப்பா," என்றான் தினகரன். பதினாலு வயசு. வாய் நிறைய ரொட்டி. "லங்காவி கப்பல்ல ஆறுதான் லா."

"கேம் விளாடக் கப்பல் எதுக்குடா? கிள்ளான் பஸ் ஸ்டேசனுக்குப் பக்கத்துல போய் விளாடு."

"வாட்டர் ஸ்லைடு இருக்கு. ஐஸ்கிரீம் ஃப்ரீ. எத்தன வாட்டி வேணா எடுக்கலாம்."

அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து அவன் தலையணை மேல் வைத்தது ரமணிதான். இருபத்தாறு என்ற எண்ணுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டதும் அவள்தான். மகன் ஆசை ஆசையாகப் பேசப் பேச, அவளுக்குக் கையில் இருந்த கோப்பி கசந்தது.

"சயாம்காரன் ஊருல என்னடா இருக்கு? நம்ம ஊரையே நாம முழுசாப் பாக்கல." ரெங்கசாமி அவள் பக்கம் திரும்பினான். "நீ லங்காவி பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"பிள்ளைங்க ஆசைப்படுறாங்க," என்றாள் ரமணி, உப்பு கேட்பதுபோல. "இன்னும் ரெண்டு வருஷம் போனா நம்ம கூட எங்க வரப் போறாங்க?"

"எனக்கு எந்தக் கப்பலும் வேணாம்," என்று மேசையின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. மூத்தவள் யோகேஸ்வரி. பதினாறு முடிந்து இரண்டு மாதம். சில மாதங்களாகவே அவள் அப்படித்தான்; கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. "நீங்க மூணு பேரும் போங்க. நான் வீட்டுல இருக்கேன்."

"குடும்பம்னா எல்லாரும்தான் போகணும்," என்றான் ரெங்கசாமி.

குடும்பம் என்ற சொல் மேசைமேல் விழுந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

*

ஃபெடரல் ஹைவேயில் அன்று கூட்டம் குறைவு. ரெங்கசாமி நல்ல மனநிலையில் இருந்தான். ஒரு கொரியாக் கப்பலிலிருந்து இறக்கிய பெட்டிக்குள்ளிருந்து பூனைக்குட்டி வந்த கதையைச் சொன்னான். தினகரன் விழுந்து விழுந்து சிரித்தான். ரமணிக்கும் உதடு லேசாகப் பிரிந்துவிட்டது. உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனை முழுசாக வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் இருவரின் பிறப்புப் பத்திர நகல், இரண்டிரண்டு போட்டோ. ஒருவேளை தேவைப்பட்டால் என்று மூன்று வாரமாக அந்தப் பையிலேயே இருந்தன.

தம்புசாமியின் அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேலே, ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டின் முடிவில் இருந்தது. முப்பது வருஷம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். சும்மா இருக்க முடியாமல் இதை ஆரம்பித்தார். யாரைப் பார்த்தாலும் எங்கேயாவது அனுப்பிவைக்கத் துடிக்கும் மனிதர்.

"வாங்க தம்பி, வாங்க தங்கச்சி. பிள்ளைங்கல்லாம் எவ்வளவு வளந்துட்டாங்க! உக்காருங்க. மொதல்ல ரூம முடிச்சிருவோம். நாலு பேருக்கு ஒரே கேபின். கீழ ரெண்டு கட்டில், மேல ரெண்டு மடக்குக் கட்டில். சின்னவங்கள மேல ஏத்திட்டு நீங்க ரெண்டு பேரும் ஜம்முனு கீழ இருக்கலாம்."

ரமணி இரண்டு மாதமாக மகளின் அறையில் பாய் விரித்துப் படுக்கிறாள். தம்புசாமியின் சிரிப்புக்கு ஒருவரும் துணை போகவில்லை. அவரே நிறுத்திக்கொண்டார்.

"நான் மேல படுப்பேன்," என்றான் தினகரன்.

"சரி, எந்தக் கப்பல்?"

"லங்காவி," என்றான் ரெங்கசாமி.

"அப்பா!"

"லங்காவிதான். முடிஞ்சது."

"புக்கெட் நல்லாருக்கும்னு அவன்..." ரமணி ஆரம்பித்தாள். தன் குரல் மெலிந்து வருவதை அவளே கேட்டாள். "ஒரு நாள் கூடவும் இருக்கு. அண்ணே, புக்கெட்டுக்கு இடம் இருக்கா?"

"இருக்கு தங்கச்சி. பதினெட்டாந்தேதி. ஆனா பிள்ளைங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்ல," என்று ரெங்கசாமி முந்திக்கொண்டான். "அதுக்கு வேற அலையணும். வேணாம்ணே. லங்காவியே போடுங்க."

தம்புசாமி பேனாவைத் திறந்தார். ரமணி அந்தப் பேனாவையே பார்த்தாள். ஜனவரி இரண்டு. யீஷூன். இரண்டு பிள்ளைகள். எல்லாம் அந்தப் பேனா முனையில் போய்க்கொண்டிருந்தது. என்ன சொன்னாலும் சந்தேகம் வரும். சொல்லாவிட்டாலோ எல்லாம் முடிந்தது.

"நீங்கதான் லங்காவி பாத்துட்டீங்களேப்பா," என்றாள் யோகேஸ்வரி.

சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"என்னது?"

"ஜூன் மாசம். போய்ட்டு வந்தீங்கல்ல? அந்த எடத்துக்கே மறுபடியும் ஏன் போகணும்?"

தினகரன் அப்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். "எப்பப்பா போனீங்க? எங்களக் கூட்டிட்டுப் போகாமலா?"

ஜூன் மாதம். ரமணிக்கு அந்த மாதத்தில் ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. ஜொகூர் துறைமுகத்தில் புது கிரேனுக்கு ஐந்து நாள் பயிற்சி என்று அவன் சொன்னது. ஐந்து சட்டைகளை அவள்தான் இஸ்திரி போட்டாள். அவனுக்கு வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று வயிற்றுவலி மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டுத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு எந்தக் கடற்கரையில் நின்றான்? மேருக்காரியின் துணிகளும் அந்தப் பெட்டியில்தான் இருந்தனவா?

மேருவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று இந்த நிமிஷம் வரை நம்பியிருந்தாள்.

ரெங்கசாமியின் கழுத்திலிருந்து மேல்நோக்கி ரத்தம் ஏறியது. "அது... வேலையா ஒரு தடவ," என்று மகனிடம் சொன்னான். மகளை அவன் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த புத்தகங்களில் ஒன்றைத் தள்ளி, மற்றதை இழுத்தான்.

"புக்கெட்டே போடுங்கண்ணே."

"பாஸ்போர்ட்டு..."

"பாரம் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு, இருக்கு." தம்புசாமி வயசுக்கு மீறிய வேகத்தில் இழுப்பறையைத் திறந்தார். நாற்பது வருஷமாகப் பயணிகளின் முகத்தைப் பார்த்தவர். இந்த மேசையில் என்னவோ உடைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "தகப்பன் இங்க சைன் போடணும். அப்புறம் யார் கொண்டு போய்க் குடுத்தாலும் சரி. பிறப்புப் பத்திர நகலும் போட்டோவும் வேணும், அத நீங்க பொறுமையா..."

ரமணியின் கை அவளைக் கேட்காமலே பையைத் திறந்து, எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைத்துவிட்டது. உறைக்குள், கிளிப் போட்டு, பிள்ளைவாரியாக.

ரெங்கசாமி அந்த உறையைப் பார்த்தான்.

"எல்லாம் தயாரா வச்சிருக்கியே."

"பள்ளிக்கூடத்துக்குக் கேட்டாங்க," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பேனாவை வாங்கினான். இரண்டு பாரத்திலும் கையெழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரிப் பதிவில் அவள் பார்த்த அதே கையெழுத்து, கடைசியில் அதே வால். மூன்று வாரமாக இந்தக் காட்சியை எத்தனையோ முறை கற்பனை செய்திருந்தாள். அப்போதெல்லாம் நெஞ்சில் ஒரு விடுதலை இருந்தது. இப்போது அப்படி ஒன்றும் இல்லை.

பாரங்களை எடுக்க அவள் கையை நீட்டுவதற்குள், ரெங்கசாமி அவற்றை உறையோடு சேர்த்து மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நீங்க சாப்பிடப் போங்க," என்று எழுந்தான். "எனக்குப் பசிக்கல."

*

பக்கத்து வாழையிலைக் கடையில் மத்தியானக் கூட்டம். தினகரன் நாலு வாயில் சோற்றை முடித்துவிட்டு, அடுத்திருந்த கேசட் கடையில் வேடிக்கை பார்க்க ஓடினான். அம்மாவும் மகளும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். யோகேஸ்வரி அப்பளத்தைச் சுக்குநூறாக உடைத்து இலையோரம் குவித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ரமணி.

"அப்பா காடியில, டேஷ்போர்டுல டிஷ்யூ தேடுனேன். ரோட் டாக்ஸ் பேப்பருக்கு அடியில ஒரு போட்டோ இருந்துச்சு. அப்பா, அந்தப் பொம்பள, ஒரு சின்னப் பொண்ணு. அப்பா தோள்மேல அது உக்காந்திருக்கு. பின்னால 'லங்காவி'ன்னு போர்டு, மூலையில ஜூன் மாசத் தேதி."

"அஞ்சு மாசமா..."

"ஆமா."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க செத்துடுவீங்கன்னு நெனச்சேன்." இலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அப்புறம் நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டது காதுல விழுந்துச்சு. பாத்தா, உங்களுக்கும் தெரிஞ்சு நீங்களும் சொல்லாம இருக்கீங்க. எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சேந்து சோறு சாப்பிடுறோம்."

ரமணி கையை நீட்டி மகளின் மணிக்கட்டைத் தொட்டாள். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கையில் உயிரும் இல்லை.

"இன்னைக்கு நீ பேசலன்னா..." ரமணி குரலைத் தாழ்த்தினாள். "எனக்காகத்தானே பேசுன?"

"இல்ல. அந்தப் போட்டோவுல அவங்க நின்ன எடத்துல நான் போய் நின்னு சிரிக்கணுமா? அதுக்காகப் பேசுனேன்." பிறகு நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "உங்களுக்குப் புக்கெட் எதுக்கு வேணும்னும் எனக்குத் தெரியும்மா. அந்த லெட்டர என் அலமாரியிலதான ஒளிச்சு வச்சீங்க. சிங்கப்பூர். செகண்ட் ஜனவரி."

கடைப் பையன் ரசம் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று ரமணி கையைக் காட்டினாள்.

"உங்க ரெண்டு பேருக்கும்தான்டி இதெல்லாம் பண்றேன்."

"தம்பிகிட்டச் சொன்னீங்களா? அவன் கேம் எத்தனைன்னு எண்ணிட்டு இருக்கான்."

"சொல்லுவேன். கப்பல்ல போய்ட்டு வந்ததும் சொல்லுவேன்."

"அப்பாவும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு. அஞ்சு வருஷம் ஆயிருச்சு."

"என்னையும் அவரையும் ஒண்ணாச் சொல்றியா?" அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ரமணி பல்லைக் கடித்துக் குரலை அடக்கினாள். "நான் என்னடி தப்புப் பண்ணேன்? சொல்லு. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"அவரு ஜொகூர்னு சொல்லிட்டு லங்காவி போனாரு. நீங்க புக்கெட்னு சொல்லிட்டு சிங்கப்பூர் போறீங்க."

ரமணி இலையை நோக்கிக் குனிந்தாள். சொல்வதற்கு ஆயிரம் இருந்தன. அவன் செய்தது துரோகம். தான் செய்வது தப்பிப் பிழைப்பது. அவன் ஆசைக்காகப் பொய் சொன்னான். தன்னை ஒரு கையெழுத்துதான் பொய் சொல்ல வைத்தது. எல்லாமே நியாயம். எதிரில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயசு முகத்தில் அதில் ஒன்றாவது போய் ஒட்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் வரல," என்றாள் யோகேஸ்வரி.

"கப்பலுக்கா?"

"கப்பலுக்கு வரேன். தம்பி பாவம். சிங்கப்பூருக்கு வரல. அடுத்த வருஷம் எனக்கு எஸ்.பி.எம். பரீட்சை. என் பள்ளிக்கூடம் இங்க இருக்கு. என் கூட்டாளிங்க இங்க இருக்காங்க."

"அந்த மனுசன் கூடயா இருக்கப் போற? அவர் பாதி நாள் மேருவுல இருப்பாரு."

"இருக்கட்டும். வீடு அமைதியா இருக்கும்."

இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். நடையில் அப்படியே ரெங்கசாமி. பிடிவாதம் பிடிக்கும்போது தோளைச் சற்றே பின்னுக்குத் தள்ளும் அந்த நடை. அதை மகளிடம் ரமணி முன்பு ரசித்திருக்கிறாள்.

*

வெளியே வெயில் கொளுத்தியது. சாலையோரம் வெள்ளைக் கோலைத் தட்டித் தட்டி ஒரு பார்வையற்றவர் நடந்து போனார். பூக்கடைக்காரி எழுந்து வந்து அவரைக் கைபிடித்துக் கால்வாயைத் தாண்ட வைத்தாள். தினகரன் எதிர்ப்புறம் ஐஸ்கிரீம் வண்டியின் முன்னால் நின்றிருந்தான். யோகேஸ்வரி தம்பியிடம் போனாள். ரமணி மட்டும் காரை நோக்கி நடந்தாள்.

ரெங்கசாமி கதவைத் திறந்துவைத்து, ஒரு காலை வெளியே நீட்டியபடி ஓட்டுநர் இருக்கையில் இருந்தான். காலடியில் மூன்று சிகரெட் துண்டுகள். அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். சட்டைப் பையில் அந்த உறை துருத்திக்கொண்டிருந்தது.

"அதக் குடுங்க. என் பையில வைக்கிறேன். வேர்வையில கசங்கிடும்."

"கசங்காது."

"திங்கக்கிழமை நான் டியூட்டிக்குப் போற வழியில குடுத்துடுவேன்."

"நானே குடுத்துக்கிறேன். லீவு போட்டிருக்கேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அந்தச் சாதாரணம் அவளை என்னவோ செய்தது. பதினெட்டு வருஷத்தில் பிள்ளைகளின் ஒரு பாரத்தைக்கூட அவன் கொண்டு போய்க் கொடுத்ததில்லை.

"லங்காவி போனத நான் சொல்லியிருக்கணும்," என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "அந்தச் சின்னது கடல் பாக்கணும்னு கேட்டுச்சு. அதுக்குமேல அதுல ஒண்ணும் இல்ல."

"தோள்மேல தூக்கி வச்சிருந்தீங்களாம்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். "அஞ்சு மாசமா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிச் சோறு தின்னா யோகேஸ்வரி?" என்றான். அது ரமணியிடம் கேட்ட கேள்வி இல்லை. அவன் அழுதால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அழுதுவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது.

அவன் அழவில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"நேத்து மத்தியானம் உங்கக்கா போன் பண்ணாங்க."

ரமணி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். வீட்டுக்குப் போன் செய்யாதே, வார்டுக்குச் செய் என்று எத்தனை முறை சொல்லியிருந்தாள்.

"நீ டியூட்டியில இருந்த. எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டாங்கபோல. நானும் தெரியாதுன்னு சொல்லல. உம் உம்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். வேலை எந்த ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எல்லாம் சொன்னாங்க. நல்ல மனுசி."

நேற்றே தெரியும். அதனால்தான் காலையிலிருந்து லங்காவியை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல் நின்றிருக்கிறான். எல்லாம் தெரிந்துதான் அவள் எடுத்து வைத்த உறையைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துதான், மகள் சொன்ன ஒரு சொல்லுக்குப் பிறகு, பேனாவை வாங்கியிருக்கிறான்.

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

அவன் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். இன்ஜினை முடுக்கினான். ஏர்கான் சூடான காற்றை முகத்தில் அடித்தது.

"அங்க ஏதோ கடையில கட்டில் தள்ளுபடியில போட்டிருக்கானாம். திங்கக்கிழமை வரைக்கும்தானாம். உனக்கும் பிள்ளைங்களுக்கும் ரெண்டு வாங்கவா, மூணு வாங்கவான்னு உங்கக்கா கேட்டாங்க. கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்." முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை, அவளுக்குப் பழக்கமான எதுவும் அந்த முகத்தில் இல்லை. "சொல்லு ரமணி. ரெண்டா, மூணா?"

சாலையின் அந்தப் பக்கத்தில் தினகரன் இரண்டு கையிலும் உருகும் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு, கார்கள் விலகுவதற்காக நின்றிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு யோகேஸ்வரி நின்றாள்.

காலையில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ரமணி ஒரு நொடிகூட யோசிக்காமல் மூன்று என்று சொல்லியிருப்பாள்.